கோஃபர் தளத்தில் ஒரு தேடல் பெட்டி

அப்பாவின் புத்தக அலமாரியில் 412 புத்தகங்கள். அந்தப் பட்டியலைக் கோஃபரில் ஏற்றியிருக்கிறேன். 1991ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த, மெனுக்கள் வழியே கோப்புகளைத் தரும் இணைய நெறிமுறை அது. மெனுவுக்குள் படம் கிடையாது, ஜாவாஸ்கிரிப்ட் கிடையாது. ஆனால் தேடலாம்: மெனு வரியின் முதல் எழுத்து 7 ஆக இருந்தால், வாசகரிடம் சொல் கேட்டு வாங்கி அனுப்ப வேண்டியது கோஃபர் உலாவியின் வேலை.

தனி சர்வர் மென்பொருள்கூட வேண்டாம், இணைப்புகளை வாங்கி வேறு நிரலிடம் கொடுக்கும் சோகேட் (socat) என்ற சிறு கருவி போதும். 7070ஆம் போர்ட்டில் காத்திருந்து, யார் வந்தாலும் ஒரு பாஷ் (bash) கட்டளைத் தொகுப்பை, அதாவது ஸ்கிரிப்டை, ஓட்டச் சொல்லுங்கள். கோஃபரின் சொந்த போர்ட் 70தான். அதற்கு ரூட், அதாவது நிர்வாகி அனுமதி கேட்கும், பழகும்போது எதற்கு?

மெனு வரி இப்படி இருக்கும்:

7புத்தகம் தேடு ⇥ /தேடு ⇥ உங்கள் ஹோஸ்ட் ⇥ 7070

⇥ என்பது டேப். என் எடிட்டர் சத்தமில்லாமல் டேப்பை இடைவெளிகளாக மாற்றி வைத்திருந்தது, மெனுவே வரவில்லை. அதனால் மெனு வரியை பாஷின் பிரின்ட்எஃப் (printf) கட்டளை கொண்டு எழுதுங்கள், \t என்றால் டேப்.

வாசகர் சொல்லைத் தட்டியதும் உங்களுக்கு வருவது ஒரே வரி: செலக்டர் (மெனு வரியில் இருந்த /தேடு போன்ற முகவரி), ஒரு டேப், தேடிய சொல். செலக்டர் காலியாக வந்தால் மெனுவை அனுப்புங்கள். /தேடு என்று வந்தால் அந்தச் சொல்லை, கோப்பில் பொருந்தும் வரிகளைத் தேடித் தரும் கிரெப் (grep) கட்டளையிடம் கொடுங்கள்.

இங்கேதான் ஒரு முழு மாலை போனது. எதைத் தேடினாலும் பூஜ்யம். கோஃபர் வரி கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் என்ற இரண்டு மறைகுறிகளோடும் முடியும். வரியைப் படிக்கும் பாஷின் ரீட் (read) கட்டளை, லைன் ஃபீடை மட்டும் தின்றுவிட்டு மற்றதைச் சொல்லின் வாலில் விட்டுவிடுகிறது. கண்ணுக்கும் தெரியாது. முதலில் அதை வெட்டுங்கள்.

கிரெப்புக்கு சின்ன எஃப் அல்ல, பெரிய எஃப் (-F) கொடுங்கள், அப்போதுதான் சொல்லை உள்ளபடியே தேடும். இல்லையென்றால் புள்ளிக்கு ‘எந்த எழுத்தும்’ என்று பொருள், ஒரு புள்ளியைத் தேடியே மொத்தப் பட்டியலையும் இழுத்துவிடலாம். சொல்லுக்கு முன் இரட்டைக் கோடும் (--) தேவை. நண்பர் ஒருவர் கோட்டில் தொடங்கும் சொல்லைத் தட்ட, கிரெப் அதைத் தனக்கான கட்டளை என்று எடுத்துக்கொண்டது. சொல்லை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். வந்த எழுத்தையே கட்டளையாக ஓட்டிவிடும் ஈவால் (eval) பக்கம் போகவே வேண்டாம். காலிச் சொல் வந்தால் தேடாமல் திருப்பி அனுப்புங்கள்.

கிடைத்த ஒவ்வொரு வரிக்கும் முன்னால், வெறும் தகவல் வரி என்று காட்டும் சின்ன ஐ (i), பின்னால் மூன்று டேப் புலங்கள். கடைசியில் தனிப் புள்ளி ஒரு வரி. அவ்வளவுதான்.

அப்புறம் நம் மொழிக்கே உரிய ஒரு தொல்லை. அப்பாவிடம் துப்பறியும் நாவல்கள் ஏராளம். ஆனால் ‘கொலை’ என்று தேடினால் பாதிதான் வந்தது. ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கிரெப்புக்கு வேறு. பட்டியல், சொல் இரண்டையும் பைத்தானின் யூனிகோட்டேட்டா (unicodedata) தொகுதியில் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது ஒரே குறியாகச் சேர்த்து எழுதும் வடிவத்துக்கு மாற்றினேன். மீதிக் கொலைகளும் கிடைத்துவிட்டன.