சாலையைத் தோண்டாமல் பழைய கழிவுநீர்க் குழாயைச் சீரமைக்கும் முறை

போக்குவரத்து ஓயாத சாலைக்கடியில் விரிசல் கண்ட கழிவுநீர்க் குழாயை, இரண்டு மேன்ஹோல்களின் வழியாகவே சீரமைத்துவிடலாம். 1971-இல் லண்டனில் எரிக் வுட் முதன்முதலில் செய்துகாட்டிய இம்முறையில், பிசினில் ஊறிய துணியுறை பழைய குழாய்க்குள் இறுகி, தானே புதிய குழாயாகிவிடுகிறது.

உறை இடுவதைவிட அதற்கு முந்தைய ஆயத்தமே வேலையின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. உயரழுத்த நீரைப் பாய்ச்சிக் கசடை அகற்றி, இணைப்புகளில் நுழைந்த வேர்களை வெட்டியபின், கேமராவை மெல்ல நகர்த்திப் பாருங்கள். இந்தியாவில், பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்கிச் சாக்கடையைச் சுத்தம் செய்யவைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. இயந்திரம் இருக்கும்போது எந்த உயிரையும் அந்தக் குழிக்குள் அனுப்பக் கூடாது. கான்கிரீட் குழாயானால் மேல்வளைவைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு அங்கே கந்தக அமிலமாக மாறிக் கான்கிரீட்டை அரித்து, உள்ளிருக்கும் கம்பியை வெளிக்காட்டியிருக்கும். ஒவ்வொரு வீட்டு இணைப்பும் மேன்ஹோலிலிருந்து எத்தனை மீட்டரில், கடிகார முள்ளின் எந்தத் திசையில் திறக்கிறது என்பதை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் உறை அவை அனைத்தையும் மூடிவிடும். சரிவு கெட்டுத் தொய்ந்த குழாயை உறை நிமிர்த்தாது. இடிந்து அடைபட்ட இடத்தைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

மேல்புற மேன்ஹோலை அடைத்து, வரும் கழிவுநீரைப் பம்பு மூலம் அடுத்த மேன்ஹோலுக்குத் திருப்புங்கள். பிசின் வழியிலேயே இறுகத் தொடங்காதபடி குளிர்வித்துக் கொண்டுவந்த உறையை, நீர் அல்லது காற்றின் அழுத்தத்தால் உட்புறம் வெளிப்புறமாகப் புரட்டிச் செலுத்தி, பிசின் வகைக்கேற்பச் சுடுநீராலோ நீராவியாலோ இறுகச் செய்யலாம். குளிர்ந்த நிலத்தடி நீர் கசியும் இடத்தில் பிசின் தாமதமாக இறுகுமாதலால், பழைய குழாய்க்கும் உறைக்கும் இடையில், அடிப்பக்கத்தில் வைத்த வெப்பமானியைப் பார்த்தே முடிவெடுங்கள். சூட்டோடு நீரை வெளியேற்றினால் உறை சுருங்கும், பொறுத்துக் குளிரவிடுங்கள்.

பாலியெஸ்டர் பிசினிலிருந்து ஸ்டைரீன் என்ற வேதிப்பொருளின் நெடி வீடுகளுக்குள் ஏறக்கூடும். குடியிருப்போருக்கு முன்கூட்டியே தெரிவித்து, நீர் தேங்கி நெடியைத் தடுக்கும் குளியலறைத் தரைப்பொறிகள் (floor traps) வறண்டிருந்தால் அவற்றில் ஒரு வாளி நீர் ஊற்றச் சொல்லுங்கள்.

இறுகிய உறையில் வீட்டு இணைப்புள்ள இடம் பெரும்பாலும் லேசாகக் குழிந்து தெரியும். குறித்த அளவோடு அதை ஒப்பிட்டு, ரோபோ வெட்டியால் திறங்கள். இறுதியாக மேன்ஹோல் வாய்களில் உறையின் விளிம்பை அடைத்துவிடுங்கள். பழைய குழாய்க்கும் உறைக்கும் இடையிலான இடைவெளி அங்கே திறந்திருந்தால், உறைக்கு வெளியே ஓடும் நிலத்தடி நீர் அதன் வழியாக மீண்டும் சாக்கடையில் சேரும்.