கண்ணாடித் தோடு ஏன் கழன்று விழுகிறது? பசையில் விடும் பிழைகள்

கழன்று விழுந்த தோட்டை எறிய முன் ஒருதரம் திருப்பிப் பாருங்கள். பசை முழுவதும் கண்ணாடி ஒட்டியிருந்த உலோகத் தட்டிலேயே இருந்து, கண்ணாடியின் முதுகு கழுவிவிட்டது மாதிரிப் பளிச்சென்று இருந்தால், பிழை கண்ணாடிப் பக்கம். மரம், துணி போலக் கண்ணாடி பசையை உறிஞ்சாது. மேற்பரப்பில்தான் பிடி. அங்கே விரல் எண்ணெய் இருந்தால் பசை அந்த எண்ணெயைத்தான் பிடிக்கும்.

நெயில் பொலிஷ் ரிமூவரால் துடைப்பவர்கள் நிறையப் பேர். அதில் பெரும்பாலும் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். துடைத்த இடத்தில் மெல்லிய படலம் தங்கிவிடும். பாமசியில் விற்கும், எண்ணெய் கலக்காத ஸ்பிரிட் நல்லது. துடைத்த பிறகு கண்ணாடியை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். உலோகத் தட்டை அரத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிட்டால் பிடி கூடும்.

அடுத்தது சூப்பர் குளூ. சின்ன ரியூப், எந்தக் கடையிலும் கிடைக்கும், நொடியில் பிடிக்கும். அதனால்தான் எல்லோருக்கும் முதலில் அதில் கை போகிறது. ஆனால் அது காற்றின் ஈரத்தில் இறுகும் பசை. மாரி காலத்தில், அதுவும் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிட்டால், அதன் ஆவி கண்ணாடியைச் சுற்றி வெள்ளைப் புகை மாதிரிப் படியும். நீலக் கண்ணாடியில் அது சாம்பல் பூத்ததுபோலத் தெரியும், அழகே போய்விடும். இறுகியபின் அது நொறுங்கும் தன்மையானது. தோடு சீமெந்து நிலத்தில் ஒருமுறை விழுந்தால் போதும், கழன்றுவிடும்.

வன்னி வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சூடேறும்போது பித்தளை கண்ணாடியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அலுமினியம் அதைவிடவும் கூட. சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழேயும், வெயிலில் நிற்கும் ஸ்கூட்டியின் சீற்றுக்கு அடியிலும் நாள்தோறும் இந்த இழுபறி நடக்கும். வளையாத பசை ஒருநாள் விட்டுக்கொடுக்கும். அதனால் என் தெரிவு, காய்ந்தபிறகும் ரப்பர் போலக் கொஞ்சம் வளையும் பசைதான். கைபேசி திருத்துபவர்கள் திரை ஒட்டப் பாவிக்கும் பி-7000 அந்த வகை. நெடி உண்டு, யன்னலைத் திறந்து வைத்து ஒட்டுங்கள்.

கனமான கண்ணாடிக்கு, பசையும் அதை இறுக்கும் ஹார்டனரும் தனித்தனியாக வரும் இரண்டு ரியூப் எப்பொக்சி சரி. அதில் நடக்கும் பெரிய பிழை, சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டிப் போடுவது. அது நடக்காது, கலவைதான் பிசுபிசுப்பாகவே நிற்கும். பெட்டியில் சம அளவு என்றிருந்தால் சம அளவுதான். ஐந்து நிமிட எப்பொக்சி என்றால் ஐந்து நிமிடத்தில் இறுகத் தொடங்கும் என்றுதான் பொருள். முழுப் பலத்துக்கு ஒரு நாள் விடுங்கள். அப்புறம், வெயில் பட்டால் நாளடைவில் அது மஞ்சளாகும். நிறமில்லாத தெளிந்த கண்ணாடிக்கு நான் அதைப் பாவிப்பதில்லை.

வளையும் பசைகளுக்கு முழுப் பலம் வர இரண்டு மூன்று நாளும் எடுக்கும். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு விற்கச் செய்பவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள். பொங்கல் திங்கட்கிழமை. வியாழன் இரவுக்குள் கடைசித் தோட்டையும் ஒட்டி, தட்டில் அசையாமல் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.