போட்டி வைத்து நிரலாக்கம் கற்பிக்கலாம்: கைதியின் இக்கட்டு ஆட்டம்

முதலாண்டு மாணவர்கள் பைத்தான் நிரல்மொழியில் செயற்கூறு (function), பட்டியல் (list), மடக்கு (loop) மூன்றையும் படித்து முடித்ததும் ‘கைதியின் இக்கட்டு’ (Prisoner's Dilemma) என்ற இந்தப் போட்டியை நடத்தலாம். இதில் மாணவர்கள் எழுதிய நிரல்களே ஒன்றோடொன்று மோதுகின்றன.

விதி எளிது. ஒவ்வொரு முறையும் இரு நிரல்களும் ஒத்துழைக்கலாம் அல்லது துரோகம் செய்யலாம். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி, இருவரும் துரோகம் செய்தால் ஆளுக்கு 1. ஒருவர் மட்டும் துரோகம் செய்தால் அவருக்கு 5, ஏமாந்தவருக்கு 0. ஓர் ஆட்டத்துக்கு 200 முறை.

முதலில் மாணவர்களை இருவர் இருவராகப் பிரியுங்கள். ஒருவர் தட்டச்சு செய்வார், மற்றவர் அருகில் அமர்ந்து வழி சொல்வார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறியே ஆக வேண்டும். நீங்கள் விரட்டாவிட்டால் கை வேகமானவரே முழுவதையும் எழுதிவிடுவார்.

அடுத்து, போட்டியை நடத்தும் நிரலை நீங்களே எழுதுங்கள். ஒவ்வோர் இணையும் தருவது ஒரே ஒரு செயற்கூறு. தன் பழைய நகர்வுகள், எதிராளியின் பழைய நகர்வுகள் என்று இரு பட்டியல்களைப் பெற்று, ஒத்துழைப்பா துரோகமா என்பதை 1 அல்லது 0 என்று அது விடை தர வேண்டும். முதல் நகர்வில் பட்டியல் காலியாக இருக்கும். கடைசி உறுப்பைக் கேட்கும் நிரல் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். இதை முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், அவர்களே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று: பட்டியலின் நகலை மட்டும் கொடுங்கள். மூலத்தையே கொடுத்தால் யாராவது ஒரு கெட்டிக்காரர் எதிராளியின் வரலாற்றையே அழித்துவிடுவார்.

அறுபது பேர் வகுப்பென்றால் 30 நிரல்கள், 435 ஆட்டங்கள். கணினிக்கு இது சில நொடி வேலை.

முதல் சுற்று முடிந்ததும் எல்லா நிரல்களையும் எல்லோருக்கும் காட்டுங்கள். கற்பித்தல் நடக்கும் இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். பிறர் உத்தியை எடுத்தாளலாம், யாருடையது என்று குறிப்பிட்டால் போதும். அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்செல்ராட், 1980இல் முடிவுகள் வெளியான தம் போட்டிகளில், முதல் சுற்றின் விவரங்களைத் தெரிவித்த பிறகே இரண்டாவதற்கு நிரல்களை வரவேற்றார். இரண்டிலும் வென்றது கணித உளவியலாளர் அனடோல் ரப்போபோர்ட் அனுப்பிய ‘பதிலுக்குப் பதில்’: முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி கடைசியாகச் செய்ததையே செய். எந்தத் தனி ஆட்டத்திலும் அது எதிராளியை விட அதிகப் புள்ளி எடுக்க முடியாது. ஆனாலும் மொத்தத்தில் முந்தியது. ஏன் என்று வகுப்பைக் கேளுங்கள், வாதம் சூடு பிடிக்கும்.

சில இணைகள் இரகசியக் கூட்டணி அமைக்கும். 2004இல் இதே ஆட்டத்துக்கு நடந்த ஒரு போட்டியில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக அணி 60 நிரல்களை இறக்கி, அவை ஒன்றையொன்று அடையாளம் கண்டு விட்டுக்கொடுக்கும்படி செய்து முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. என் கருத்தில் இது தண்டிக்க வேண்டிய குற்றமல்ல. எப்படிச் செய்தார்கள் என்று கரும்பலகையில் விளக்கச் சொல்லுங்கள்.

மதிப்பெண் பத்து என்றால் ஓடும் நிரலுக்கு 4, அரைப் பக்க விளக்கத்துக்கு 4, வேறோர் இணையின் நிரலைப் படித்துக் கருத்து எழுதியதற்கு 2. தரவரிசைக்கு எதுவும் வேண்டாம். அதற்கும் மதிப்பெண் தந்தால் இரண்டாம் சுற்றில் யாரும் யாருக்கும் வாய் திறக்க மாட்டார்கள்.

நேரம் இருந்தால் மூன்றாம் சுற்றில் நூற்றில் ஒரு நகர்வைத் தற்செயலாகப் புரட்டிவிடுங்கள். ‘பதிலுக்குப் பதில்’ நிரல்கள் இரண்டு மோதினால், ஒரே ஒரு தவறு முடிவில்லாப் பழிவாங்கலாக நீளும். அவ்வப்போது மன்னிக்கும் உத்தியை மாணவர்கள் தாமாகவே தேடுவார்கள். தற்செயல் எண்களின் தொடக்க மதிப்பை (seed) மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘எங்கள் நிரல் எப்படித் தோற்றது?’ என்று யாராவது வந்து நின்றால், அதே ஆட்டத்தை மறுபடி ஓட்டிக் காட்டலாம்.