பழைய புரோநோட்டுக்கு இப்போது சம்மன் வந்தால்

நோட்டு எழுதிக்கொடுத்து வாங்கிய பணம். வருடங்கள் ஓடிவிட்டன, கொடுத்தவரும் கேட்பதை நிறுத்திவிட்டார். திடீரென்று ஒருநாள் அமீனா வீட்டு வாசலில் சம்மனோடு நிற்கிறார். "நோட்டுதான் காலாவதி ஆயிடுச்சே, கேஸ் நிக்காது, போக வேண்டாம்" என்று யாராவது ஒருவர் சொல்வார். முதல் பாதி சரியாக இருக்கலாம். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை நம்பித்தான் பலர் ஜெயிக்க வேண்டிய வழக்கில் தோற்கிறார்கள்.

முதலில்: சம்மனை வாங்குங்கள்

வாங்க மறுத்தாலும் வழக்கு தொடர்ந்து நடக்கும். மறுத்ததையே சம்மன் சார்வு ஆனதாக, அதாவது உங்களிடம் சேர்ந்ததாக, நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். கையெழுத்துப் போட்டு வாங்கி, வாங்கிய தேதியை அதன் ஓரத்திலேயே குறித்துவையுங்கள். அன்றிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை (வழக்குக்கு உங்கள் எழுத்துப்பூர்வ பதில்) தாக்கல் செய்ய வேண்டும். காரணம் சொல்லிக் கேட்டால் 90 நாள் வரை நீதிமன்றம் அனுமதிக்கலாம். சம்மனில் 'ஆணை 37' (சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஒரு பகுதி) என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது சுருக்க விசாரணை வழக்கு. அதில் 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். அப்புறம், வழக்கை எதிர்த்து நடத்தவே தனியாக அனுமதி கேட்க வேண்டும். அப்படி இருந்தால் மீதியை அப்புறம் படிக்கலாம், இன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.

அடுத்து: தேதிக் கணக்கு

எத்தனை காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று சொல்லும் 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம்தான் இங்கே அடிப்படை. கேட்கும்போது கொடுப்பதாக எழுதிய புரோநோட்டுக்கு, நோட்டின் தேதியிலிருந்து 3 வருடம். பணம் கேட்ட நாளிலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நோட்டே இல்லாமல் கொடுத்த கடனுக்கும் பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்து 3 வருடம்தான். சொத்தை அடமானம் வைத்திருந்தால் கதை வேறு, அதற்கு 12 வருடம். வக்கீல் நோட்டீஸ் எத்தனை அனுப்பினாலும் இந்தக் காலம் ஒரு நாள்கூட நீளாது.

வழக்கு காலத்துக்குள் வந்ததா என்பது அது தாக்கலான நாளை வைத்து. சம்மன் உங்கள் கைக்கு வந்த நாளை வைத்து அல்ல. வழக்குரை (வழக்குப் போட்டவர் தாக்கல் செய்த மனு) நகலில் உள்ள நீதிமன்ற முத்திரையைப் பாருங்கள். கடைசி நாள் மே மாத விடுமுறையில் விழுந்திருந்தால், கோர்ட் திறக்கும் நாளில் போட்டாலும் செல்லும்.

கொரோனா காலத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து விலக்கியது. உதாரணமாக 12.01.2018 தேதியிட்ட 80,000 ரூபாய் நோட்டு. சாதாரணமாக 2021 ஜனவரியில் காலாவதியாகி இருக்கும். ஆனால் 2020 மார்ச் 15 அன்று பாக்கி இருந்த சுமார் பத்து மாதம் 01.03.2022 முதல் மறுபடி ஓடத் தொடங்கும். ஆக, 2022 டிசம்பர் கடைசி வரை வழக்குப் போடலாம். 2023 ஜூலையில் போட்டிருந்தால் காலம் கடந்த வழக்கு.

நோட்டைத் திருப்பிப் பாருங்கள்

வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் நோட்டின் பின்பக்கத்தில்தான். அதே 80,000 ரூபாய் நோட்டின் பின்னால் "10.12.2020 வட்டிக்கு வரவு ரூ.500" என்று எழுதி உங்கள் கையெழுத்தும் இருந்தால், அந்த நாளிலிருந்து புதிதாக 3 வருடம் ஓடும். 2023 ஜூலை வழக்கு சரியான நேரத்தில் வந்த வழக்காகிவிடும். வெறும் 500 ரூபாய் 80,000 ரூபாயை உயிர்ப்பித்துவிடுகிறது!

இதற்கு நிபந்தனைகள் உண்டு. பணம் கொடுத்தது காலம் முடிவதற்குள் நடந்திருக்க வேண்டும். அந்த வரவு, பணத்தைத் திருப்பிக் கட்டியவர் கையால் எழுதப்பட்டிருக்க வேண்டும், அல்லது அவர் கையெழுத்தாவது இருக்க வேண்டும். கடன் கொடுத்தவர் தானே எழுதிக்கொண்ட வரவு போதாது. "பணம் தர வேண்டியது உண்மைதான், கொஞ்சம் டைம் கொடுங்க" என்று காலத்துக்குள் கையெழுத்திட்டு எழுதிய கடிதமும் இதே வேலையைச் செய்யும்.

ஆகவே வரவுக் குறிப்பு இருந்தால், அசல் நோட்டைப் பார்வையிட வக்கீல் மூலம் மனு போடுங்கள். கையெழுத்து உங்களுடையது இல்லை என்றால் நிபுணர் ஒப்பீடு கேட்கலாம். உங்களுடையதே என்றால் அதை மறுத்துப் பொய் சொல்ல வேண்டாம். வேறு எதிர்வாதம் இருக்கிறதா என்று வக்கீலிடம் கேளுங்கள்.

இடையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்

வழக்கு நடக்கும்போதே சமாதானம் பேச ஊர்ப் பெரியவர் ஒருவர் வருவார். "ஒரு பேப்பர்ல மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க தம்பி, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்பார். காலம் முடிந்தபின் சும்மா ஒப்புக்கொள்வது கடனை உயிர்ப்பிக்காது. ஆனால் "தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 25(3) பிரிவின்படி அது புது ஒப்பந்தம். புது நோட்டு எழுதினாலும் அப்படியே. மக்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் தாராளமாகக் கொடுங்கள். கடன் என்னவோ கடன்தான், கோர்ட் வழி மட்டும்தான் அடைபட்டிருக்கிறது. (நகையை அடகு வைத்திருந்தால் கவனம். வழக்குக் காலம் போனதால் மட்டும் நகை சும்மா திரும்பி வராது.)

எதிர்வழக்குரையில் இருக்க வேண்டியவை

காலவரையறையைப் பிரதிவாதி சொல்லாவிட்டாலும் நீதிமன்றமே கவனித்துத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று காலவரையறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். நோட்டின் தேதி, காலம் முடிந்த தேதி, வழக்கு தாக்கலான தேதி மூன்றையும் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். வரவுக் குறிப்பு பொய் என்றால் அந்தத் தேதியைக் குறிப்பிட்டே மறுக்க வேண்டும். "வாதி சொல்வதெல்லாம் பொய்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், குறிப்பாக மறுக்காததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. காலம் எப்படி நீண்டது என்று வழக்குரையிலேயே காட்ட வேண்டிய பொறுப்பு வாதியுடையது. அது இல்லை என்றால் அதையும் சுட்டிக்காட்டுங்கள்.

வழக்குரையைப் படித்த மாத்திரத்திலேயே காலம் கடந்தது தெரிந்தால், ஆணை 7 விதி 11இன் கீழ் அதை நிராகரிக்கக் கேட்கலாம். வரவு உண்மையா பொய்யா என்ற சண்டை இருந்தால் அது அங்கே எடுபடாது. சாட்சி விசாரணை வரை போகத்தான் வேண்டும்.

ஏற்கெனவே எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டதா?

ஆஜராகாமல் ஒருதலைத் தீர்ப்பு வந்திருந்தால் 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய மனு போடலாம். சம்மன் முறையாகச் சார்வு ஆகவில்லை என்றால் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள். அதுவும் தாண்டியிருந்து, தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால், தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவும் சேர்த்துப் போட வேண்டும். அலட்சியமாக விட்டுவிட்டால், அந்தத் தீர்ப்பை 12 வருடம் வரை நிறைவேற்றக் கேட்கலாம். 3 வருடத்தில் செத்துப்போயிருக்க வேண்டிய நோட்டுக்கு!

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். போகும்போது சம்மன், வழக்குரை நகல், பழைய ரசீது, பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். சம்மன் ஓரத்தில் குறித்துவைத்த தேதியை மறக்காமல் காட்டுங்கள்.