பிரிட்டனில் வெட் (கால்நடை டாக்டர்) பில்லைக் கட்டுக்குள் வைப்பது எப்படி

பிரிட்டனில் நமக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் என்ஹெச்எஸ் என்ற அரசு இலவச மருத்துவ சேவை இருக்கிறது, வீட்டு நாய்க்கும் பூனைக்கும் அப்படி எதுவும் கிடையாது. ஊசி, ஸ்கேன், ஆபரேஷன் எல்லாமே கைக்காசு, போதாததற்கு 20 சதவீதம் வாட் வரி. 2016க்கும் 2023க்கும் நடுவே வெட் கட்டணங்கள் 63 சதவீதம் ஏறிவிட்டன என்று, சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் சிஎம்ஏ அமைப்பே 2025 அக்டோபரில் வெளியிட்ட இடைக்கால முடிவில் சொன்னது. சட்டம் மாற வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் இன்றைக்கே கேட்டு வாங்கக்கூடிய உரிமைகள் சில இருக்கின்றன, அவை தெரியாமலேயே பலர் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

முதலில் உங்கள் கிளினிக் யாருடையது என்று பாருங்கள். 2013ல் பத்தில் ஒன்றுதான் பெரிய குழுமங்களின் கையில் இருந்தது, இப்போது சுமார் 60 சதவீதம். வாங்கிய பிறகும் பழைய பெயர்ப்பலகையையே பல இடங்களில் விட்டுவைப்பதால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று கிளினிக்குகளில் விலை விசாரித்துவிட்டு வருவீர்கள், மூன்றுக்கும் முதலாளி ஒருவராகவே இருக்கலாம். இணையதளத்தின் அடியில் சிறிய எழுத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், அதைப் படித்துவிட்டு விசாரியுங்கள். ஸ்கேனுக்கோ ஆபரேஷனுக்கோ வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அதுவும் அதே குழுமமா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்து மருந்து. மூட்டுவலி, இதயநோய், தைராய்டு என்று மாதக்கணக்கில் கொடுக்க வேண்டிய மருந்து இருந்தால் பெரிய மிச்சம் இங்கேதான். மருந்துச் சீட்டை எழுதித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அதற்கு ஒரு கட்டணம் வாங்குவார்கள், அதையும் கூட்டிப் பார்த்தபின் ஆன்லைன் மருந்துக்கடை மலிவா என்று கணக்குப் போடுங்கள். சாதாரண மருந்துகளுக்குச் சீட்டு ஆறு மாதம் வரை செல்லும் என்பதால், டாக்டர் ஒப்புக்கொண்டால் ஒரே சீட்டில் பலமுறை வாங்கும்படி எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொரு முறையும் சீட்டுக் கட்டணம் கட்ட வேண்டாம். சில குழுமங்கள் மருந்தைத் தங்கள் சொந்தப் பெயரில் விற்கின்றன, அந்தப் பெயரை வைத்து வெளியில் தேடினால் கிடைக்காது, அதனால் உள்ளே இருக்கும் மூலமருந்தின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியில் வாங்கும் கடை அரசுப் பதிவு பெற்றதா என்பதையும் பார்த்துவிடுங்கள், போலி மருந்து செல்லத்தின் உயிருக்கே உலை.

சிகிச்சைக்கு முன் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் இந்த ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: "இந்த டெஸ்ட்டின் முடிவைப் பொறுத்துச் சிகிச்சை மாறுமா?" மாறாது என்றால் அந்த டெஸ்ட் எதற்கு? உங்களால் எவ்வளவு முடியும் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், பெரும்பாலான டாக்டர்கள் அதற்குள் செய்யக்கூடிய வழியைத் தேடித் தருவார்கள், விலையை நிர்ணயிப்பது பல இடங்களில் அவர்கள் இல்லை. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மட்டும் விலை விசாரித்துக்கொண்டு நிற்காதீர்கள், நேராகத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அரசு உதவித்தொகையில் இருப்பவர்கள் பிடிஎஸ்ஏ, புளூ கிராஸ் தொண்டு நிறுவனங்களில் கேட்டுப் பார்க்கலாம்.

இன்சூரன்ஸ் எடுப்பதானால் குட்டியாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், ஏற்கெனவே வந்த நோய்க்குப் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள்.

செல்லம் இறந்துபோனால், அந்த அழுகையோடு கிளினிக் நீட்டும் தகனப் படிவத்தில் உடனே கையெழுத்துப் போட வேண்டியதில்லை, தகன நிலையத்தை நீங்களே நேரடியாக அழைத்துப் பேசலாம்.

பில்லில் தகராறு வந்தால் முதலில் கிளினிக்குக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தீரவில்லையா, விசிஎம்எஸ் என்ற சமரச சேவை இலவசம், ஆனால் இரு தரப்பும் சம்மதித்தால்தான் நடக்கும். வெட் டாக்டர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ராயல் காலேஜ் ஆஃப் வெட்டர்னரி சர்ஜன்ஸ், டாக்டரின் கடுமையான ஒழுங்கு மீறலை மட்டுமே விசாரிக்கும், கட்டணச் சண்டைக்குள் அது வராது.

கோளாறு இங்கேதான். வெட் தொழிலுக்கு இன்றும் நடப்பில் இருப்பது 1966ம் ஆண்டுச் சட்டம், டாக்டரே கிளினிக்கின் சொந்தக்காரராக இருந்த காலத்தில் எழுதியது. டாக்டர் அல்லாதவர்களும் கிளினிக் நடத்தலாம் என்று 1999ல் கதவு திறந்துவிட்டது, சட்டமோ தனி ஆட்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது, நிறுவனத்தைத் தொடுவதில்லை. கிளினிக்குகளுக்கான தரத் திட்டம் ஒன்று இருக்கிறது, சேருவதும் சேராததும் அவரவர் விருப்பம். 'வெட்டர்னரி நர்ஸ்' என்ற பட்டத்துக்குக்கூடச் சட்டப் பாதுகாப்பு கிடையாது.

ஆகவே உங்கள் தொகுதி எம்பிக்கு எழுதுங்கள். கிளினிக்குகளுக்கே உரிமம் கட்டாயம், விலைப்பட்டியல் வெளியில் தெரிய வேண்டும், முதலாளி யார் என்பது வாசலிலேயே தெரிய வேண்டும், புகாரைத் தீர்க்கும் அமைப்புக்குக் கட்டுப்படுத்தும் அதிகாரம் வேண்டும் என்று நான்கையும் தெளிவாகக் கேளுங்கள். உங்கள் முகவரியும் அஞ்சல் குறியீடும் கடிதத்தில் இருக்கட்டும், தொகுதிக்காரர் என்று தெரிந்தால்தான் பதில் வரும். பழைய பில் ஒன்றின் நகலையும் கூடவே வையுங்கள்.