மூன்று நாளைத் தின்ற ஒரு கட்டம்

தங்கைக்காக ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன தனியார் கல்லூரியில் பி.காம். சேர ஆன்லைனில் விண்ணப்பம் போட்டேன். மதிப்பெண் பக்கத்தில் 'மொத்தம் பொருந்தவில்லை' என்று சிவப்பில் வந்து நின்றுவிட்டது. பிரவுசர் மாற்றினேன், இ-சேவை மையம் போனேன், டிஜிலாக்கரிலிருந்து மார்க் ஷீட்டை மறுபடி இறக்கி ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தேன், கல்லூரிக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. இப்படியே மூன்று நாள்.

அப்புறம்தான் கட்டத்துக்கு மேலே பொடி எழுத்தில் 'பகுதி 3' என்று இருந்தது கண்ணில் பட்டது. பிளஸ் டூவில் தமிழ் பகுதி 1, ஆங்கிலம் பகுதி 2, மீதி நான்கு பாடம்தான் பகுதி 3. நானோ 600-க்கு அவள் வாங்கியதை அப்படியே அடித்து வைத்திருக்கிறேன்! இரண்டு மொழிப் பாடங்களையும் கழித்து, 400-க்கான கூட்டலைப் போட்டதும் அடுத்த பக்கம் திறந்தது. நல்லவேளை, கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.