பசிபிக் கரையோர மரங்களை இனங்காணும் முறை: தொடக்கநிலையினருக்கு

கனடாவின் வான்கூவரிலோ அமெரிக்காவின் சியாட்டிலிலோ புதிதாகக் குடியேறுபவருக்கு அங்குள்ள காடு முதலில் வேறுபாடின்றி ஒரே பச்சையாகத்தான் தெரியும். ஆலையும் வேம்பையும் தொலைவிலிருந்தே பெயர் சொல்லிப் பழகிய கண்ணும் அங்கே திகைத்து நிற்கும். ஆனால் கடலோரத் தாழ்நிலத்தில் அடிக்கடி எதிர்ப்படும் நாட்டு மரங்கள் ஏழெட்டு வகைதாம். அவற்றை வரிசையாகச் சோதித்து அறியும் முறையை இங்கே விளக்குகிறேன். பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டாம். அங்குள்ள மக்கள் ஒவ்வொரு மரத்தையும் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதையும் சேர்த்துக் கற்றால் மறக்காது. நாம் அடையாளமாகக் கொள்ளும் பண்பே பெரும்பாலும் அதன் பயனுக்கும் காரணமாக இருக்கிறது.

படி 1: இடத்தையும் காலத்தையும் தேர்ந்தெடுத்தல்

வான்கூவரின் ஸ்டான்லி பார்க், வான்கூவர் தீவிலுள்ள கதீட்ரல் குரோவ், வாஷிங்டன் மாநிலத்தின் ஹோ மழைக்காடு ஆகிய மூன்றும் தொடங்குவதற்கு ஏற்றவை. இந்தக் கரையில் குளிர்காலம் மிதமாகவும் மழையோடும் இருக்கும், கோடை வறண்டிருக்கும். இலையுதிர்க்கும் மரங்கள் மழைக்காலத்தில் மொட்டையாக நிற்கும்போதும் ஊசியிலை மரங்களால் உணவு தயாரிக்க முடிகிறது. அவை இங்கே மேலோங்கியிருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆகவே ஊசியிலை மரங்களை எந்த மாதத்திலும் பார்க்கலாம்; அகன்ற இலை மரங்களுக்கு மட்டும் மே முதல் செப்டம்பர் வரை செல்லுங்கள். ஒரு கைலென்ஸ் போதும். பூங்காக்களில் எதையும் பறிக்கவோ எடுத்துச் செல்லவோ கூடாது. கீழே விழுந்து கிடக்கும் சிறுகிளைகளையும் கூம்புகளையும் அங்கேயே பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும்.

படி 2: இலை செதிலா, ஊசியா, அகன்றதா?

முதற்கேள்வி இதுதான். இலைகள் சின்னஞ்சிறு செதில்களாகக் கிளையோடு ஒட்டிப் படிந்து, சிறுகிளை முழுவதும் தட்டையாக இருந்தால், தாழ்நிலத்தில் அது அநேகமாக வெஸ்டர்ன் ரெட் சீடர் மரமாகவே இருக்கும். இலையின் அடிப்பக்கத்தை லென்ஸில் பாருங்கள்; பட்டாம்பூச்சி வடிவில் வெண்மையான குறிகள் தெரியும். அடுத்து அடிமரத்தைத் தொட்டுப் பாருங்கள். பட்டை நீளவாக்கில் நார் நாராக இருக்கும்.

அந்த நார்தான் இக்கரையின் வாழ்க்கையை வடிவமைத்தது என்று சொன்னால் மிகையாகாது. ஹைடா, நூ-சா-நுல்த், கோஸ்ட் சேலிஷ் முதலிய பழங்குடி மக்கள் மரத்தில் சாறு ஏறும் வசந்தத்தின் இறுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் அடிமரத்தில் குறுக்காக வெட்டி, பட்டையை வெளிப்புறமாக இழுப்பார்கள். அது மேலே செல்லச் செல்லக் குறுகி, உயரத்தில் தானே அறுந்து விழும். வெளிப்பட்டையை நீக்கி, உட்பட்டையை உலர்த்தி வைத்து, தேவைப்படும்போது ஊறவைத்துத் தட்டி மென்மையாக்கிப் பாய், கயிறு, தொப்பி, உடை ஆகியவற்றை முடைந்தார்கள். ஒரு மரத்திலிருந்து ஒரு பகுதிப் பட்டையை மட்டுமே எடுப்பது மரபாதலால் மரம் பிழைத்துக்கொள்ளும். மேல்நோக்கிக் கூராகச் செல்லும் அந்தத் தழும்பை இன்றும் பழைய காடுகளில் காணலாம். 1846க்கு முற்பட்ட இத்தகைய தடயங்களுக்குக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் சட்டப் பாதுகாப்பு உண்டு.

மரக்கட்டையின் பயன் இன்னும் பெரிது. வைரப்பகுதியில் உள்ள தூஜாப்ளிசின் என்னும் வேதிப்பொருள் பூஞ்சையைத் தடுப்பதால் ஓயாத மழையிலும் அது எளிதில் மக்குவதில்லை; நேரான இழையோட்டத்தால் ஆப்பு வைத்தே பலகையாகப் பிளக்கவும் முடிகிறது. நீண்ட வீடுகள், குலச்சின்னத் தூண்கள், ஒற்றை மரத்தைக் குடைந்து செய்யும் படகுகள் யாவும் இதனால் ஆனவை. குடைந்த படகில் நீர் நிரப்பி, சுட்ட கற்களை இட்டு, எழும் ஆவியில் பக்கங்களை விரியச் செய்வார்கள். ஒரே பலகையில் மூன்று இடங்களில் பள்ளம் வெட்டி, ஆவியில் வளைத்து, நான்காம் மூலையை மட்டும் மர ஆணியிட்டோ தைத்தோ இணைத்த பெட்டிகளும் உண்டு. இந்த மரத்தின் தூளை நீண்ட காலம் சுவாசிக்கும் தச்சர்கள் சிலருக்கு ஆஸ்துமா வருகிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

படி 3: ஊசியிலைகளைக் கையால் சோதித்தல்

சிறுகிளையை மெதுவாக உள்ளங்கையில் அழுத்துங்கள். குத்தி வலித்தால் அது சிட்கா ஸ்ப்ரூஸ். உப்புச் சாரலைத் தாங்குவதால் கடலுக்கு மிக அருகிலேயே நிற்கும். பட்டை சிறு சில்லுகளாக உதிரும். எடையோடு ஒப்பிட்டால் இதன் கட்டைக்கு வலிமை மிக அதிகம். முதல் உலகப் போரில், 1917இல், விமானச் சட்டகங்களுக்கு இம்மரம் போதாமல் போனதால் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களைக் கொண்டே வாஷிங்டன், ஓரிகன் காடுகளில் மரம் வெட்டுவதற்குத் தனிப் பிரிவு அமைத்தது. அதே இலேசான உறுதியால் கிட்டாரின் மேற்பலகைக்கும் பியானோவின் ஒலிப்பலகைக்கும் இன்றும் இதையே தேடுகிறார்கள். வேர்களைப் பிளந்து ஹைடா, ட்லிங்கிட் மக்கள் கூடைகளும் தொப்பிகளும் முடைகிறார்கள்.

குத்தாமல், குட்டையும் நெட்டையுமாக ஊசிகள் கலந்திருந்தால் மேலே பாருங்கள். உச்சிக்கொழுந்து வளைந்து தொங்கினால் அது வெஸ்டர்ன் ஹெம்லாக். நிழலைப் பொறுத்து வளரும். விழுந்த பழைய மரங்களின் மேலேயே இதன் நாற்றுகள் வரிசையாக முளைக்கும். ஹெர்ரிங் மீன் முட்டையிடும் காலத்தில் இதன் கிளைகளைக் கடலில் அமிழ்த்தி, ஒட்டிக்கொள்ளும் முட்டைகளை உணவுக்காகச் சேகரிக்கும் வழக்கம் கரையோர மக்களிடம் உண்டு.

டக்ளஸ் ஃபர் மரத்தைக் கூம்பைக் கொண்டே அறியலாம். ஒவ்வொரு செதிலுக்கும் இடையிலிருந்து மூன்று முனை கொண்ட நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஓர் எலி செதிலுக்குள் ஒளிந்து, வாலையும் பின்னங்கால்களையும் மட்டும் வெளியே விட்டது போன்ற தோற்றம். முதிர்ந்த மரத்தின் பட்டை மிகத் தடித்துத் தக்கை போலிருக்கும். காட்டுத்தீயில் அது பிழைப்பதற்கு அப்பட்டையே காரணம். கட்டட விட்டங்களுக்கும் ப்ளைவுட்டுக்கும் இது முதன்மையான மரம்.

நிழலில் குட்டையாக நின்று, மெல்லிய செந்நிறப் பட்டையும், கூம்புக்குப் பதிலாகச் சிவந்த சதை சூழ்ந்த விதையும் கொண்டது பசிபிக் யூ. வளைந்தாலும் முறியாத இதன் கட்டை வில்லுக்கும், கடினத்தன்மை ஆப்புக்கும் பயன்பட்டன. 1962இல் வாஷிங்டன் மாநிலத்தில் சேகரித்த பட்டையிலிருந்து, வேதியியலாளர்களான மன்ரோ வால், இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணி ஆகியோர் டாக்சால் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக அது 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனினும் இம்மரத்தின் இலையும் விதையும் கொடிய நஞ்சு. ஸ்ப்ரூஸ் துளிரில் தேநீர் போடலாம் என்று பலர் எழுதுகிறார்கள். யூ மரத்தை ஐயமின்றிப் பிரித்தறியும் வரை எந்த ஊசியிலையையும் வாயில் வைக்காதீர்கள்.

படி 4: அகன்ற இலை மரங்கள்

இங்கே குழப்பம் குறைவு. ஓரடி அகலம் வரை விரியும் ஐம்மடல் இலையும், காம்பை ஒடித்தால் பாலும் இருந்தால் பிக்லீஃப் மேப்பிள். துடுப்பு செய்ய உகந்தது. பாறைக் கரையில் செந்நிறப் பட்டை உரிந்து, குளிரிலும் இலை உதிராமல் நிற்பது அர்பியூட்டஸ்.

ரெட் ஆல்டர் சற்று நின்று பார்க்க வேண்டிய மரம். ஆற்றோரத்திலும், மரம் வெட்டிய வெற்றிடத்திலும் முதலில் வருவது இதுவே. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்துவதால் வளமற்ற மண்ணும் வளமாகிறது. அடிமரம் சாம்பல் நிறமாகத் தெரிவது மேலே படர்ந்த லைக்கன்களால் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிரிகள்). இலையோரம் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தால் உறுதியாகிவிடும். சால்மன் மீனைப் புகையில் பதப்படுத்த இவ்விறகையே விரும்புகிறார்கள்.

படி 5: சிறு பரிசோதனை

உங்கள் சொந்த நிலத்திலோ, உரிமையாளரின் அனுமதியுடனோ, புயலில் அண்மையில் முறிந்த ஆல்டர் கிளை ஒன்றைத் தேடி, பட்டையைக் கத்தியால் இலேசாகச் சுரண்டுங்கள். வெளிறிய உட்பட்டை காற்றுப்பட்டு ஆரஞ்சும் சிவப்புமாக மாறும். அந்தப் பட்டையை நீரில் கொதிக்கவைத்துத்தான் சீடர் நாருக்குச் செந்நிறம் ஏற்றினார்கள். வெள்ளைப் பருத்தித் துணித்துண்டு ஒன்றை அந்நீரில் ஓரிரவு ஊறவிட்டால் அச்சாயத்தை நீங்களும் பெறலாம்.